"இதென்ன பெரிய கஷ்டம்?" 2022இல் எங்கள் ஒழுங்கையில் நடந்தது

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கை முழுவதும் 13 மணிநேர மின்வெட்டு. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் மகன் பௌதிகவியல் கொப்பியை விரித்து வைத்து, போன் வெளிச்சத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தான். போனில் சார்ஜ் 9 வீதம். அம்மா சுவரோடு சாய்ந்திருந்தவர், "இதென்ன பெரிய கஷ்டம், நாங்கள் அஞ்சு வருசத்துக்கு மேல கரண்டைக் கண்ணால காணாமல் இருந்தனாங்கள்" என்றார். அவன் கொப்பியை மூடினான். "அம்மம்மா, நீங்கள் அப்ப கஷ்டப்பட்டனீங்கள் எண்டதுக்காக நான் இப்ப சிரிச்சுக்கொண்டிருக்க வேணுமோ?" என்று கேட்டுவிட்டு எழும்பி அறைக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அம்மா அவனோடும் கதைக்கவில்லை, என்னோடும் கதைக்கவில்லை.

நாடு வங்குரோத்தான காலத்தில் மனம் உடையாமல் இருப்பது எப்படி என்று அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஒழுங்கை, ஐந்து வீடு, ஏறக்குறைய ஒரு வருடம். அதில் எது உண்மையாகவே எங்களை நிமிர வைத்தது, எது நல்லது போல வந்து பிறகு உறுத்தியது என்று எழுதிப் பார்க்கிறேன். நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர், அதனால் இதை ஒரு பாடக்குறிப்புப் போல ஒழுங்காகச் செய்யத்தான் நினைத்தேன், ஆனால் நடந்தது அவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை.

நாட்டில் நடந்தது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2019 கடைசியில் வரியைக் குறைத்தார்கள், அரசாங்கத்துக்கு வருமானம் விழுந்தது. அப்புறம் கொரோனா வந்து சுற்றுலாவை முடித்தது. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்து, விளைச்சல் படுத்த பிறகு நவம்பரில் தடையை எடுத்தார்கள். கையிருப்பில் டொலர் இல்லாமல் போக, 2022 மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாகப் பிடித்து வைத்திருந்த டொலரின் விலையை விட்டுவிட்டார்கள், மே மாதம் அது 360 ரூபாய். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். மொத்த வெளிக்கடன் 5,100 கோடி டொலர் அளவில் இருந்தது.

இதெல்லாம் வீட்டுக்குள் வந்த விதம் வேறு. முந்தின வருடம் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் கிடைக்காது. 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் டிசம்பரில் 177, மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூனில் 470. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 94.9 வீதம். என் சம்பளம் மட்டும் அதே சம்பளம். அதாவது சம்பளத்தில் ஒரு சதமும் குறையாமலே சாப்பாட்டுக்கு அதன் பெறுமதி பாதியாகிவிட்டது. ஆட்களுக்கு இதை மனதில் வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நாள் எடுத்தது, எனக்கும்தான்.

ஐந்து வீடு

எங்கள் வீட்டில் நான், இவர் (என் கணவர்), அம்மா, உயர்தரம் படிக்கிற மகன், பத்து வயது மகள். இவர் சந்தியில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தார். கரண்டும் கடதாசியும் இருந்தால்தான் ஓடுகிற தொழில், இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனது. பக்கத்து வீட்டில் ஓட்டோ ஓடுகிற தம்பி, மனைவி, எட்டு மாதக் குழந்தை. எதிரே வெங்காயத் தோட்டக்கார அண்ணை. மூலையில் ஓய்வுபெற்ற தபாலதிபர், தனி ஆள். கடைசி வீட்டில் ஓர் அக்கா, மகள் டொரொன்ரோவில், மாதாமாதம் காசு வரும்.

ஒழுங்கை ஒன்றென்றாலும் நெருக்கடி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வரவில்லை, இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரூபாய் விழ விழ கனடாக் காசின் பெறுமதி ஏறிக்கொண்டு போனது. அக்கா ஒரு பிழையும் செய்யாமலே, நாங்கள் கீழே இறங்கின அந்தச் சில மாதத்தில் அவ மேலே ஏறிவிட்டா. ஏப்ரல் முழுக்க அவவின் படலை பூட்டியே கிடந்தது. நாங்களும் கூப்பிடவில்லை. அவ பால்மாப் பை கொண்டு போகும்போது துவாயால் மூடிக்கொண்டு போனதை நான் கண்டிருக்கிறேன், கண்டதும் எனக்குள் ஏதோ கசந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நெருக்கடியில் மனிதர் சிரிப்பை இழக்கிற முதல் இடம் வெறும் சட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டுச் சட்டியை எட்டிப் பார்ப்பதாகவும் இருக்கும்.

தோட்டக்கார அண்ணையின் கதை இன்னொரு விதம். அவருடைய கல்வீட்டை அவரின் அப்பா கட்டியது 1970களில். அப்போது இறக்குமதியை இறுக்கியதால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பொன் விலை. கொழும்பில் சனம் பாணுக்கு வரிசையில் நின்ற அதே வருடங்களில் இங்கே தோட்டக்காரர் வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள். 1977இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும் அந்த விலை போய்விட்டது. ஆக, ஒரு நாட்டின் பஞ்சகாலத்துக்குள்ளே ஒருவரின் நல்லகாலமும் இருக்கலாம் என்பதை அந்த மனிதர் சின்ன வயதிலேயே பார்த்தவர். இந்த முறை அவருக்கு அது நடக்கவில்லை. வெங்காயத்துக்கு விலை இருந்தது, ஆனால் தண்ணீர் இறைக்கிற பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லை. லீற்றர் 87 ரூபாய் என்று விலைப்பட்டியலில் இருக்கும், கையில் கிடைக்காது. மே மாதம் அவர் கிணற்றுக் கட்டில் இருந்து காய்கிற பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அம்மாவின் வசனம்

இனி அந்த மார்ச் 31 இரவுக்கு வருகிறேன். அம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டார்கள். கரண்ட் போனது. பெற்றோல், பற்றறி, உரம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில். நான் அப்போது 12 வயதுப் பிள்ளை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோக் கரண்டில் றேடியோ கேட்டிருக்கிறோம். மோட்டார்சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பத்திரிகை கொப்பிக் கடதாசியில் கோடு தெரிய அச்சாகி வந்தது. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம், கொடியில் காய்கிற சட்டையை அந்த வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு இதையும் விட்டுவிட்டு, சண்டையால் எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது, அம்மாவின் இடுப்பில் என் தம்பி, என் தலையில் அரிசிப் பை.

அந்த வாழ்க்கையைப் பார்த்தவருக்கு 2022 சின்னதாகத் தெரிந்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் வயதுக்காரர் பலருக்கும் அது உள்ளுக்குள் ஒரு பிடிமானமாக இருந்ததை நான் கண்டேன். குண்டு விழவில்லை, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், இரவில் நித்திரை கொள்ளலாம், அப்ப மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம் என்ற மாதிரி. தெற்கில் முதல் முறையாக வரிசையைக் கண்டு திகைத்த சனத்துக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

ஆனால் அந்தப் பிடிமானத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. மகன் பிறந்தது 2004இல். அவனுக்குத் தெரிந்த உலகம் கரண்ட் உள்ள உலகம், பரீட்சையும் அந்த உலகத்துப் பரீட்சை. "எங்கட கஷ்டம் இதைவிடப் பெரிசு" என்று சொன்னால் அவன் காதில் அது "உன்ர கஷ்டம் கஷ்டமே இல்லை" என்றுதான் விழும். அவனுடைய பயத்தை யாரோ தராசில் போட்டு நிறை குறைவு என்று சொன்னதாகத்தான் அவன் எடுத்தான். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்த மாதங்களில் என் வகுப்புப் பிள்ளைகளும் இதே முறைப்பாட்டைத்தான் கொண்டு வந்தார்கள். அப்பா எப்ப பார்த்தாலும் தொண்ணூறைப் பற்றியே கதைக்கிறார் ரீச்சர் என்று ஒரு பிள்ளை அழுதது.

மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா அவனைக் கூப்பிட்டார். "தம்பி, அப்பான்ர பெட்டிக்குள்ள பழைய சைக்கிள் வால்வுக்கட்டை ஒண்டு கிடக்கும், எடுத்தா." ஒரு வெறும் ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பஞ்சை அமத்தினார். பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், போத்தலைச் சரித்தால் ஒரு சொட்டும் ஓடக்கூடாது. பழைய சேலைக் கரையைக் கிழித்து உருட்டித் திரியாக்கி வால்வுக்கட்டைக்குள் நுழைத்து, அதைக் கம்பியில் கட்டி, திரியின் அடி பஞ்சில் முட்டிக்கொண்டிருக்க, கம்பியின் மற்ற நுனியைப் போத்தல் வாயில் கொளுவினார். கொளுத்தினதும் முதலில் கரும்புகை. "திரி கூடிப்போச்சு, ஒரு நூல் அளவுக்கு இறக்கு" என்றார். அவன் இறக்கினான். சுடர் மஞ்சளாக, ஆடாமல் நின்றது. காற்று அடித்தாலும் போத்தல் மறைக்கும், விழுந்தாலும் ஊற்றுப்படாது.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு எண்ணெய்க்கு எத்தினை மணித்தியாலம் எரியும்?" என்று கேட்டான். அம்மா தனக்குத் தெரிந்ததைச் சொல்ல, அவன் நம்பாமல் நேரம் குறித்து வைத்தான். அடுத்த நாள் பஞ்சைக் கூட்டியும் குறைத்தும் இன்னும் இரண்டு செய்தான், ஒன்று பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு. அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் அதே கதைதான். தொண்ணூறு பற்றி அவன்தான் இப்போது கேட்டான், றேடியோவுக்கு டைனமோவில் இருந்து வயர் எப்படிக் கொடுத்தனீங்கள், மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சினுக்குப் பிறகு என்ன நடந்தது என்று. அம்மாவின் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல வருடம். கடந்துவந்த கஷ்டத்தைத் தராசாகத் தூக்கியபோது வீட்டில் சண்டை வந்தது. அதையே கைப்பழக்கமாக இறக்கிக் கொடுத்தபோது பாட்டியும் பேரனும் ஒரே விளக்கைச் சுற்றி இருந்தார்கள். எனக்கு இந்த ஒரு வருடத்தில் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு இதுதான், மற்ற எல்லாம் இதன் பக்கத்தில் சின்னவை.

வரிசையும் வதந்தியும்

ஏப்ரலில் ஓட்டோவுக்கு ஒரு தடவைக்கு 1,500 ரூபாய்க்குத்தான் பெற்றோல் என்று கட்டுப்பாடு வந்தது. 338 ரூபாய் விலையில் அது நாலரை லீற்றருக்கும் குறைவு. அதற்காக ஓட்டோத் தம்பி இரண்டு இரவு வரிசையில் படுத்திருக்கிறார். வரிசை என்றால் வெறும் சலிப்பு என்று நினைக்க வேண்டாம், மார்ச்சில் நாட்டின் வேறு இடங்களில் எரிபொருள் வரிசையில் நின்ற வயதானவர்கள் விழுந்து இறந்தே போனார்கள். ஆனாலும் அவர் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. வரிசையில் முன்பின் தெரியாத நாலு பேர் சேர்ந்தால் 304 என்ற சீட்டு விளையாட்டுத் தொடங்கிவிடுமாம், ஓட்டோவின் பின்சீற்றில் கடதாசிக்கட்டை எந்நேரமும் இருக்கும், பிளேன்ரீ ஒருவர் முறை மாறி ஒருவர் வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டில் இருந்து வரும் போன் அழைப்புத்தான் அங்கே பாரம் என்றார். "எப்ப வருவீங்கள், பால்மா முடிஞ்சுது" என்ற குரல். 400 கிராம் பால்மாப் பெட்டி மார்ச்சிலேயே 790 ரூபாய்.

எங்களை உண்மையில் தின்றது வதந்தி. "நாளைக்கு விடிய எங்கட திருநெல்வேலிக்கு பெற்றோல் பவுசர் வருதாம்" என்று ஒரு செய்தி வட்ஸ்அப்பில் வரும், மூன்று மணிக்கு எழும்பி ஓடுவார்கள், ஒன்றும் வராது. தபாலதிபர்தான் இதில் முன்னுக்கு நின்றவர், நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு வருகிற எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்புவார். ஒரு நாள் அவர் அனுப்பியதை நம்பித் தம்பி இருந்த பெற்றோலையும் ஓடி முடித்து வந்து, ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்தபோது இவர்தான் வெளியே போய், "ஐயா, இனிக் கண்ணால கண்ட ஆள் சொன்னால் மட்டும் அனுப்புங்கோ" என்று கேட்டார். ஐயா கோபிக்கவில்லை. பாவம், தனியாக இருக்கிற மனிதர், எங்களோடு ஏதாவது பங்குபோட வேண்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. பின்னேரம் ஏழு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் எல்லாரும் கூடுவோம், அன்றைய பத்திரிகையை அவர் வாசிப்பார், எது உறுதியானது, எது கதை என்று தன் தபால் கந்தோர்க் குரலில் பிரித்துச் சொல்வார். மற்ற நேரத்தில் யாரும் செய்தி அனுப்புவதில்லை. அரைமணி நேரம்தான். ஆனால் நாளுக்கு நாற்பது தடவை துணுக்குறுவதற்கும், ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து துணுக்குறுவதற்கும் உள்ள வித்தியாசத்தை என் உடம்பே உணர்ந்தது, தலையிடி குறைந்தது.

சி.ஆர். கொப்பி

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடை பூட்டின பிறகு அவர் ஒரு மாதம் கிட்டத்தட்டப் பேசாமல் இருந்தார். காலையில் குளித்து, சட்டை போட்டு, விறாந்தையில் இருப்பார், போக இடமில்லை. "கவலைப்படாதேங்கோ, எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் சொல்லாத நாளில்லை. எப்ப சரியாகும், எப்படிச் சரியாகும் என்று எனக்கே தெரியாது, அதனால் அந்த வார்த்தையில் உயிர் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

மே மாதம் ஒரு இரவு, ஜாம் போத்தல் வெளிச்சத்தில், மகளின் சி.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் கொப்பி ஒன்றை எடுத்து வீட்டில் உள்ளதை எல்லாம் எழுதினோம். அரிசி 28 கிலோ. மா 6 கிலோ. தேங்காய் 11. மண்ணெண்ணெய் முக்கால் போத்தல். வங்கியில் இவ்வளவு, நகை இவ்வளவு, கடைக்கு வர வேண்டிய கடன் இவ்வளவு. பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தினோம், ஒளிக்கவில்லை. எழுதி முடித்தபோது நான் பயந்துகொண்டிருந்த விஷயம், சாப்பாடு, நினைத்த அளவுக்கு மோசமில்லை என்று தெரிந்தது. வளவில் முருங்கை, மரவள்ளி, தேங்காய், எதிர்வீட்டு வெங்காயம் எல்லாம் சேர்த்தால் புட்டும் சம்பலும் என்று எங்களால் ஓட்ட முடியும். நான் யோசிக்காமலே விட்டிருந்த இடம்தான் மோசம், அம்மாவின் பிரஷர் குளிசை 19 மட்டும் மிச்சம், பார்மசியில் பத்துப் பத்தாகத்தான் கொடுத்தார்கள், சில நாள் அதுவும் இல்லை. இருட்டில் எல்லாமே ஒரே பெரிய உருவமாக நிற்கும். எழுதின பிறகு பத்தொன்பது குளிசை என்று ஒரு கணக்காக நின்றது, கணக்குக்கு ஏதாவது செய்யலாம்.

அந்தக் குளிசைக்காகத்தான் நான் கடைசி வீட்டு அக்காவின் படலையைத் தட்டினேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவ அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டா. "ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை, நான் என்ன செய்தனான்" என்றா. ஜூனில் கனடாவில் இருந்து வந்த ஒருவரின் பெட்டியில் எங்களுக்கு மூன்று மாதக் குளிசை வந்தது, ஓட்டோத் தம்பியின் குழந்தைக்குப் பால்மா வந்தது. அதோடு அவ இரண்டு மூட்டை அரிசி எடுத்துவைத்து, வேண்டிய வீடு அளந்து எடுத்துக் கொப்பியில் எழுதட்டும், காசு வரும்போது தரட்டும் என்றா. சும்மா தந்திருந்தால் நாங்கள் வாங்கியிருக்க மாட்டோம், அது அவவுக்கும் தெரியும்.

இவருக்கு வழி சைக்கிளில் வந்தது. பெற்றோல் இல்லாமல் போகப் போக ஊரே பழைய சைக்கிளை இறக்கியது. நானும் அப்பாவின் லுமாலா சைக்கிளைத் துடைத்து எடுத்து ஆறு கிலோமீற்றர் மிதித்துத்தான் பள்ளிக்கூடம் போனேன், சந்தியில் இன்னும் மூன்று ரீச்சர்மார் சேர்ந்துகொள்வார்கள். முதல் வாரம் முழங்கால் கழன்றது. பிறகு அந்த முக்கால் மணித்தியாலம்தான் நாளில் நான் மிகவும் எதிர்பார்த்த நேரம், சீலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு நாலு பேர் வரிசையாக மிதிக்க, கதைத்தும் சிரித்தும் பள்ளிக்கூட வாசல் வந்துவிடும். சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரருக்கு வேலை மலையாகக் குவிய, இவர் போய் உதவிக்கு நின்றார். ஒட்டுப்போடப் பழகி, றிம் நிமிர்த்தப் பழகி, கையில் கிறீசோடு வீட்டுக்கு வந்த முதல் நாள் அவராகவே சாப்பாட்டைப் போட்டுச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் சம்பல் இருக்கோ என்று கேட்டார். காசு பெரிதாக ஒன்றும் இல்லை. நான் ஒரு மாதமாகச் சொன்ன ஆறுதல் செய்யாததை அந்தக் கிறீஸ் செய்தது.

விறகடுப்பு

இங்கே ஒரு விஷயத்தைப் பூசி மெழுகக்கூடாது. காஸ் இல்லாததால் விறகடுப்புக்குத் திரும்பினோம், மண்சட்டிச் சாப்பாட்டின் ருசியைப் பற்றி எல்லாரும் சந்தோஷமாகக் கதைத்தார்கள். பனையின் கொக்கறை பொறுக்கி, மட்டை வெட்டி, பனங்கொட்டை ஊமல் காயவைத்து, நாலரை மணிக்கு எழும்பி ஊதியது யார்? எங்கள் ஐந்து வீட்டிலும் பெண்கள்தான். அம்மாவுக்குப் புகையில் இருமல் பிடித்தது. வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாக இருப்பதற்கு ஒருத்தி கூடுதலாக இரண்டு மணித்தியாலம் வேலை செய்ய வேண்டியிருந்தால், அந்தச் சிரிப்பின் செலவை அவள்தான் கட்டுகிறாள். ஜூனில் நான் ஒரு நாள் அடுப்படியில் அப்படியே குந்தியிருந்துவிட்டேன், எழும்ப மனம் வரவில்லை. அதற்குப் பிறகு விறகு வெட்டுவதும் தண்ணீர் அள்ளுவதும் மகனும் இவரும் என்று முடிவானது, அதுவும் கொப்பியில் எழுதித்தான். இன்னும் முன்னமே கேட்டிருக்க வேண்டும்.

ஆடிப்பிறப்பு

ஜூன் கடைசியில் இருந்து இரண்டு வாரம் அத்தியாவசிய சேவை தவிர்த்த யாருக்கும் எரிபொருளே இல்லை என்றார்கள். ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது, 13ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார், அடுத்த நாள் பதவி விலகினார். தபாலதிபர் ஐயாவின் திண்ணையில் அந்த வாரம் அரைமணி நேரம் ஒன்றரை மணியாக நீண்டது.

17ஆம் திகதி ஆடிப்பிறப்பு, ஆடி மாதம் பிறக்கிற நாள், கூழும் கொழுக்கட்டையும் செய்வது எங்கள் வழக்கம். இந்த வருடம் கூழ் வேண்டாம், சாமான் இல்லை என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத்தான் முடிவெடுத்திருந்தோம். அம்மாதான் ஒரு பெரிய சட்டியை எடுத்து முற்றத்தில் மூன்று கல்லில் வைத்தார். அரிசிமா எங்களிடம். பனங்கட்டி தோட்டக்கார அண்ணை வீட்டில், தேங்காய் எல்லா வீட்டிலும், பயறு அக்கா. ஐயா ஒன்றும் இல்லாமல் வந்து, தேங்காயைச் சின்னச் சொட்டாக வெட்டித் தருகிறேன் என்று இருந்து, இரண்டு மணித்தியாலம் வெட்டினார். தம்பி போனை நீட்டி எல்லாருக்கும் ஒரு படம் காட்டினார், முதல் நாள்தான் தொடங்கிய எரிபொருள் அட்டையின் கியூஆர் குறியீடு, ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். ஐந்து லீற்றர் என்பது இரண்டு நாள் ஓட்டம்கூட இல்லை, ஆனால் எந்த நாளில் கிடைக்கும் என்று தெரிந்த ஐந்து லீற்றர், அதற்காக இரண்டு இரவு தெருவில் படுக்கத் தேவையில்லை. அவர் மனைவி அன்றுதான் மூன்று மாதத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டேன். பலாவிலையைக் கோலிக் கூழை ஊதி ஊதிக் குடித்தோம். மகள் கொழுக்கட்டையை எண்ணி எண்ணிச் சாப்பிட்டாள்.

இது எல்லாருக்கும் பொருந்துமா

பொருந்தாது. எங்களுக்கு வளவு இருந்தது, கிணறு இருந்தது, மாதச் சம்பளம் ஒன்று இருந்தது, கனடாவில் ஒரு மகள் இருந்தாள். கரையோரத்தில் படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கடலுக்கே போகாத வீடுகளில் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. மார்ச் 22ஆம் திகதியே குழந்தைகளோடு 16 பேர் தனுஷ்கோடிக்குப் படகேறிப் போனார்கள், பசியால்தான். அவர்களைப் பார்த்து மனதைத் தளரவிடாதீர்கள் என்று சொல்வது கொடுமை, அவர்களுக்குத் தேவைப்பட்டது அரிசி. மே 18ஆம் திகதி சென்னையில் இருந்து 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, மருந்து என்று ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டு மக்களின் முதல் கப்பல் புறப்பட்டது. அந்த அரிசி மூட்டையை உறவுக்காரர் வீட்டில் கண்டபோது, யாரோ முகம் தெரியாத ஒருவர் எங்களை நினைத்திருக்கிறார் என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொன்று, மனம் விட்டு நாட்டைவிட்டுப் போனவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் ஒன்பது லட்சத்துக்கும் மேலான கடவுச்சீட்டுகள் எடுக்கப்பட்டன. ஓட்டோத் தம்பியின் பெயரும் அதில் ஒன்று, 2023இல் கட்டாருக்குப் போய்விட்டார். எங்கள் ஒழுங்கை அவரைப் பிடித்து வைக்கப் போதவில்லை.

பிறகு

ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87இல் இருந்து 340 ஆனது. தோட்டக்கார அண்ணை அதற்கும் மனம் நிறைந்துதான் வந்தார், விலை கூடினாலும் பம்பு ஓடுகிறது என்று. அதே மாதம் மின்கட்டணம் 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் உறுதியானது, அந்த ஜூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது என்று செய்தி. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, ஏறின விலை ஏறின இடத்திலேயே நிற்கிறது, இனி மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஐயா இதைத் திண்ணையில் எங்களுக்கு மூன்று தடவை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

மகனின் உயர்தரப் பரீட்சை தள்ளித் தள்ளி 2023 ஜனவரி 23இல்தான் தொடங்கியது. அப்போதும் நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது, இரவிலும்தான். ஜாம் போத்தலைக் கொளுத்துவதும் அணைப்பதும் அவன் வேலை, பக்கத்தில் கண்முழித்திருந்து பிளேன்ரீ போடுவது அம்மாவின் வேலை. காலையில் மூக்கைத் துடைத்தால் இரண்டு பேருக்கும் கரி. சி.ஆர். கொப்பி இன்னும் அலுமாரி மேல் தட்டில் கிடக்கிறது. கடைசியாக அதில் எழுதினது அவன்தான், பரீட்சை முடிந்த அன்று பின்னேரம்: அரிசி 14 கிலோ, தேங்காய் 6, அம்மம்மாவின் குளிசை 60, மண்ணெண்ணெய் அரைப் போத்தல்.